லூக்கா தூரிகை பிடித்தாரா?

கேள்வி: பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் மாதா படத்தை நற்செய்தி எழுதிய புனித லூக்காவே வரைந்தார், தோமையார் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். விவிலியமோ லூக்காவை மருத்துவர் என்கிறது. அவர் ஓவியரும்தானா? மருத்துவர் என்பதாவது உறுதியா?
– வாசகி ஒருவர், ஆலந்தூர்

பதில்: ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

லூக்கா பன்னிரு சீடர்களில் ஒருவர், மாதாவை எதிரே உட்காரவைத்துப் படம் எழுதியவர் என்று பலர் நினைக்கிறார்கள். பன்னிருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தம் நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களிலேயே, கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்த செய்திகளை ஆராய்ந்து எழுதுவதாகத் தெயோபில் என்பவரிடம் சொல்லிவிடுகிறார். கண்டவர்களோடு தம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பவுலின் தோழர். அவர் எழுதிய இன்னொரு நூலான திருத்தூதர் பணிகளில், 16ஆம் அதிகாரத்தில் துரோவா துறைமுகம் வந்ததும் ‘அவர்கள்’ என்று போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று ‘நாங்கள்’ என்று மாறுகிறது. அங்கேதான் அவர் பயணத்தில் சேர்ந்தார் என்பது மரபான விளக்கம்.

ஓவிய விஷயத்துக்கு வருவோம். சுமார் 180இல் எழுதிய இரேனியு, லூக்காவை நற்செய்தியாளர் என்கிறார். 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு, அவர் அந்தியோக்கியாவைச் சேர்ந்த மருத்துவர் என்கிறார். இருவரும் தூரிகையைப் பற்றி மூச்சுவிடவில்லை. இதைவிடக் கனமான சாட்சி அகுஸ்தீன். மரியாவின் முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதுகிறார். லூக்கா வரைந்த படம் ஒன்று உண்டு என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பிறகு கதை எங்கிருந்து வந்தது? பேரரசி யூதோக்கியா எருசலேமிலிருந்து லூக்காவின் படம் ஒன்றைக் கான்ஸ்தாந்திநோபிளுக்கு அனுப்பினார் என்று ஒரு குறிப்பு உண்டு. 6ஆம் நூற்றாண்டில் தியோதோர் என்பவர் எழுதியதாகச் சொல்லப்படும் இந்தக் குறிப்பு, பிற்காலத்தார் தொகுத்த சுருக்கத்தில்தான் கிடைக்கிறது. அதனால் அது இடைச்செருகல் என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. கதைக்கு உண்மையான உரம் கிடைத்தது 8ஆம் நூற்றாண்டில்தான். அப்போது பைசாந்தியப் பேரரசில் ஐகான்களை, அதாவது வழிபாட்டுக்கு வைக்கும் திருவுருவப் படங்களை, அரசே எதிர்த்தது. படம் வைப்பது சிலை வணக்கம், பிற்காலத்தில் நுழைந்த பழக்கம் என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆதரித்தவர்களுக்கு ஒரு மூலப்பத்திரம் தேவைப்பட்டது. நற்செய்தி எழுதிய அதே கை படமும் வரைந்தது என்றால், அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? 843இல் வழக்கு படங்களின் பக்கம் முடிந்தது. கதையும் நிலைத்துவிட்டது.

சரி, மத்தேயு, மாற்கு, யோவான் என்று இன்னும் மூவர் இருக்க, ஏன் லூக்கா? இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. மாற்கு நற்செய்தியில் இயேசுவின் தாய் மரியாவின் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது. லூக்காவைத் திறந்தால் கபிரியேல் தூதர் மரியாவிடம் பேசுகிறார்; மரியா மலைநாட்டுக்கு விரைந்து எலிசபெத்தைப் பார்க்கிறார்; பிள்ளையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்; பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் எருசலேம் கோவிலுக்குத் திரும்பி ஓடுகிறார். இவை மற்ற மூன்று நற்செய்திகளிலும் இல்லை. மரியா எதை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார் என்பதுவரை எழுதியவர், முகத்தை மட்டும் பார்க்காமலா இருந்திருப்பார் என்று பக்தர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

கான்ஸ்தாந்திநோபிளில் ‘ஒதெகேத்ரியா’ என்ற மாதா படம் லூக்கா வரைந்ததாகப் புகழ்பெற்றது. இடக்கையில் குழந்தையை ஏந்தி, வலக்கையால் அதைச் சுட்டிக்காட்டும் தாய் அவள். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தப் படத்தைப் பவனியாக எடுத்து வந்தார்கள். 1453இல் நகரம் துருக்கியர் வசமானபோது அது அழிந்தது. அதற்குள் ‘லூக்கா படங்கள்’ பெருகிவிட்டன. உரோமையின் புனித மரியா பேராலயத்தில் ஒன்று, போலந்தின் செஸ்டகோவாவில் ஒன்று, இன்னும் பல. அத்தனையும் அவர் கைவேலை என்றால் மனிதருக்கு நற்செய்தி எழுத நேரமே கிடைத்திருக்காது. போர்த்துக்கீசியர் எழுப்பிய பரங்கிமலைக் கோயிலின் படமும் இந்த வரிசையில்தான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கும்பிட்ட படம் என்ற பெருமை அதற்கு உண்டு. லூக்காவின் கை பட்டது என்பதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை. ஐரோப்பிய ஓவியர்களுக்கோ அந்தக் கதையே போதுமானதாக இருந்தது; தங்கள் தொழிற்சங்கங்களுக்கு லூக்காவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

இனி மருத்துவர் விஷயம். இதற்கு எழுத்துச் சான்று உண்டு. கொலோசையர் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், வாழ்த்துச் சொல்பவர்களின் வரிசையில், அன்புக்குரிய மருத்துவர் என்ற அடைமொழியோடு லூக்கா வருகிறார். அந்தத் திருமுகம் பவுலே எழுதியதா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இருந்தாலும், முதல் நூற்றாண்டுக் கடிதம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

1882இல் ஹோபார்ட் என்ற அறிஞர் இன்னொரு சான்று காட்டினார். லூக்காவின் கிரேக்கத்தில் மருத்துவக் கலைச்சொற்கள் நிறைந்திருக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். பிறகு அமெரிக்கரான ஹென்றி காட்பரி, அதே சொற்கள் மருத்துவம் படிக்காத கிரேக்க எழுத்தாளர்களிடமும் தாராளமாக இருப்பதை எடுத்துக்காட்டினார். லூக்காவின் டாக்டர் பட்டத்தைப் பறித்துத்தான் காட்பரி தம் டாக்டர் பட்டத்தை வாங்கினார் என்று மாணவர்கள் கேலி செய்தார்களாம். காட்பரி உடைத்தது சொல்லாராய்ச்சிச் சான்றை மட்டும்தான். திருமுகத்தின் அடைமொழி அப்படியே இருக்கிறது.

நேரம் கிடைத்தால் ஒரே நிகழ்ச்சியை இருவர் எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் போய்த் துன்பப்பட்டு, கையிலிருந்ததெல்லாம் செலவழித்து, முன்பைவிட மோசமானாள் என்கிறார் மாற்கு. லூக்கா அவளை யாராலும் குணமாக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். மோசமாக்கினார்கள் என்ற பேச்சை மட்டும் நாசூக்காக விட்டுவிடுகிறார்.