நிலச்சரிவின் முக்காரணங்கள்

ஒரு காரியம் நிகழ்தற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றும் வேண்டுமென்பது தருக்க நூலார் துணிபு. குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இம்முறை பற்றி நீலகிரியின் நிலச்சரிவுகளை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்காரணம் மண். நீலகிரியின் அடிப்பாறை மிக வன்மையுடையதே. ஆயினும் அது நெடுங்காலமாக வெயிலாலும் மழையாலும் சிதைந்து, பல இடங்களில் ஆழ்ந்த மண்போர்வையாய்க் கிடக்கின்றது. அம்மண்ணிடையே நீர் நிறையுங்கால் அதன் பாரம் மிகும். துகள்கள் ஒன்றையொன்று பற்றும் வலிமையோ குறையும்.

துணைக்காரணம் மழை. 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. உதகை, குன்னூர்ப் பகுதிகளில் அக்காலத்து நேர்ந்த சரிவுகளில் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழையே இதனைச் செய்தது எனக் கூறி அமைவார் பலர். சக்கரத்தைக் கண்டு குயவனைக் காணாதார் கூற்று அஃது.

நிமித்த காரணம் யாது? முன்னாளில் அம்மலையின் மடிப்புக்களிற் சோலைகளும், மேடுகளிற் புல்வெளிகளும் பரந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டு முதல் தேயிலையும், உருளைக்கிழங்கும், தைலமரமும், சீகை மரமும் அவற்றின் இடத்தை மிகுதியும் கவர்ந்தன. பின்னர்ப் பாதைகளும் வீடுகளும் பெருகின. இம்மாற்றம் மூவகையால் மலையை மெலிவிக்கும். மண்ணைப் பிணித்த வேர்கள், மரம் வெட்டுண்டபின் சில யாண்டுகளில் மக்கிப் போகும். ஆதலின் வெட்டிய நாளில் நில்லாநின்ற சரிவு, வெட்டியதை யாவரும் மறந்தபின் வீழும். பாதைக்கும் வீட்டிற்கும் சரிவின் அடியைச் செங்குத்தாக அரிதலால், மேலுள்ள மண் தாங்குவாரின்றி நிற்கும். இயற்கை ஓடைகளைத் தூர்த்தலால், வழிந்தோட வேண்டிய நீர் மண்ணுட் புகும்.

மாந்தர் கைபடாத இடத்தும் மலை சரிவதில்லையோ எனின், சரிவதுண்டு. அவலாஞ்சி என்னும் பெயரே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த பெருஞ்சரிவு பற்றி, சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அமைந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் அங்கே 911 மில்லிமீட்டர் மழை பெய்தபோது காட்டுச் சரிவுகளும் வீழ்ந்தன. எனவே, காடு இருப்பின் சரிவே இராது என்று யாம் கூறவில்லை. காட்டிடைச் சரிவு பெரும்பாலும் மரங்களை மாய்க்கும். அரிந்த சரிவோ, அரிந்தவிடத்தே வீடு கட்டி உறங்குவாரை மாய்க்கும். சமநிலம் அரிதாகிய மலையில், பொருளற்றார்க்கு எஞ்சுவது பெரும்பாலும் அத்தகைய இடமே.

மண்ணை மாற்றல் இயலாது. மழையைத் தடுத்தலும் இயலாது. மூன்றனுள் நம் கைக்குட்பட்டது நிமித்த காரணம் ஒன்றே. ஓடையை அடையாது விடுதல், தாங்குசுவரில் நீர் கசிதற்குத் துளை வைத்தல், செஞ்சரிவை உழாது புல்லுக்கும் மரத்திற்கும் விடுதல், வீட்டு மனை வகுக்குமுன் மண்ணை ஆராய்தல் என்பன பெரும்பொருள் வேண்டாதன. நம் மாணவருள் நாளை பொறியாளராயும், ஆட்சியாளராயும், ஆசிரியராயும் மலைநாடு செல்வோர் இவற்றை மழைக்குமுன் நினைவாராக. மழைக்குப்பின் நினைத்தல் மாண்டாரை மீட்காது.