புல் மேய்ந்த மாட்டிறைச்சி: அமெரிக்காவில் எங்கே வாங்கினால் பண்ணையாளருக்கு லாபம்?

அமெரிக்காவில் கறிக்காகக் கொழுக்க வைக்கும் மாடுகளில் சுமார் 85 சதவீதம் டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கு நிறுவனங்களின் அறுப்புக்கூடங்களுக்குத்தான் போகின்றன. சில பத்து மாடுகளைப் புல்லிலேயே வளர்க்கும் பண்ணையாளர் அங்கே போய் விலை பேச முடியாது. தன் மாட்டுக்குத் தானே விலை வைத்து, சாப்பிடுகிறவரிடம் நேரடியாக விற்றால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அவருக்கு உதவ நினைப்பவர்கள் கறி வாங்க இருக்கும் நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

லேபிளில் என்ன இருக்கிறது?

கறிக்கான கன்றுகள் பெரும்பாலும் முதலில் பாலும் புல்லுமாகத்தான் வளர்கின்றன. கடைசிச் சில மாதங்களில்தான் பாதை பிரிகிறது. பெரும்பாலான மாடுகளைப் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். அதனால் 'கிராஸ் ஃபெட்' என்று மட்டும் போட்டிருந்தால், 'கிராஸ் ஃபினிஷ்டு'தானா, அதாவது கடைசிவரை புல்தானா என்று கேளுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் சந்தைப்படுத்தல் பிரிவு 'கிராஸ் ஃபெட்' என்பதற்கு வைத்திருந்த வரையறையை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. 'ஆர்கானிக்' மாட்டுக்குத் தானியம் கொடுக்கத் தடையில்லை. அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷனின் முத்திரை இருந்தால் நம்பலாம்: பால்குடி மறந்த பின் புல், வைக்கோல் போன்ற தீவனம் மட்டுமே, பட்டியில் அடைப்பதில்லை, பிறந்து வளர்ந்ததும் அமெரிக்காவிலேயே.

1. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்

அலைச்சல் இல்லை, நேரடி விற்பனையைவிட விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் இங்கே விற்கும் புல் மேய்ந்த கறியில் கணிசமான பங்கு ஆஸ்திரேலியா, உருகுவே, நியூசிலாந்திலிருந்து வருவது. அப்படி வந்த கறியை இங்கே வெட்டிப் பொட்டலம் கட்டி 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று விற்க முன்பு இடம் இருந்தது. 2024-ல் வந்த விதி 2026 ஜனவரி 1 முதல் அதை அடைத்துவிட்டது. இப்போது பிறப்பு, வளர்ப்பு, அறுப்பு, பதப்படுத்தல் நான்கும் அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும். ஆனாலும் அது சிறு பண்ணையா, பெரும் பண்ணையா என்று அந்த லேபிள் சொல்லாது.

2. உழவர் சந்தை

வளர்த்தவரையே நேரில் கேட்கலாம். குளிர்காலத்தில் என்ன தீவனம்? தானியம் எப்போதாவது உண்டா? எங்கே அறுக்கிறீர்கள்? காசு அவர் கைக்கே போகிறது. ஆனால் வருகிறவர் எல்லோரும் ஸ்டேக் துண்டையே கேட்டால் மிச்சம் அவர் தலையில்தான் விழும். ஒரு மாட்டின் கறியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொத்துக்கறியாகவே தேறும். அதையும் காலெலும்பு, வால், ஈரலையும் கேட்டு வாங்குங்கள். குழம்பும் சூப்பும் வைக்கத் தெரிந்த வீட்டுக்கு இது மலிவும்கூட.

3. மாதப் பெட்டி

முன்பணம் கட்டினால் மாதாமாதம் பலவகைத் துண்டுகள் கலந்த பெட்டி வரும். எதை வைப்பது என்று பண்ணையாளரே தீர்மானிப்பதால் மாடு முழுவதும் விலையாகிறது, வைக்கோலுக்கான பணமும் முன்கூட்டியே கிடைக்கிறது.

4. கால் மாடு, அரை மாடு

கிலோக் கணக்கில் பார்த்தால் நேரடி வழிகளில் இதுவே பொதுவாக மலிவு. ஆனால் கணக்குத் தெரிந்து இறங்க வேண்டும். விலை சொல்வது பெரும்பாலும் தோலுரித்துத் தொங்கவிட்ட எடைக்கு. எலும்பும் கொழுப்பும் கழிந்து அதில் ஏறக்குறைய 65 சதவீதம் வீட்டுக்கு வரும். பவுண்டு 6 டாலர் என்றால், உண்மையில் நீங்கள் கொடுப்பது 9 டாலருக்கும் மேல். வெட்டுக்கூலி அதில் சேர்ந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். உயிருடன் 1,000 பவுண்டு இருக்கும் மாட்டில் கால் பங்கு எடுத்தால் சுமார் 40 கிலோ கறி தேறும். அதற்கு மூன்று கன அடி ஃப்ரீசர் இடம் வேண்டும். சிறு அறுப்புக்கூடங்களில் பல மாதம் முன்பே தேதி நிரம்பிவிடும் என்பதால், இலையுதிர் காலத்துக் கறிக்கு வசந்த காலத்திலேயே சொல்லிவைப்பது நல்லது.

உங்களுக்கு எது?

தனி ஆளாக, சின்ன ஃப்ரீசருடன் இருப்பவருக்கு உழவர் சந்தை போதும். வாரம் ஒருமுறை கறி சமைக்கும் குடும்பத்துக்கு மாதப் பெட்டி பொருந்தும். தனி ஃப்ரீசரும், பங்கு போட இன்னொரு குடும்பமும் இருந்தால் அரை மாட்டை ஆளுக்குக் கால் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பேரத்தில் அரை மாடு விலையாகிவிடுவதால் பண்ணையாளருக்கு இதுவே பெரிய உதவி. சூப்பர் மார்க்கெட்டை விட்டால் வழியில்லை என்பவர்கள் மேலே சொன்ன அசோசியேஷன் முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.