ஃபிளாப்பின் அகலமும் ரத்தக்குழாயின் ஆரமும்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை

அன்புள்ள மாணவிக்கு,

காயத்தை மூடுவதற்காக ரத்த ஓட்டத்தோடு பெயர்த்து வைக்கப்படும் தோல்பகுதியே ஃபிளாப். அதன் நீளம் அடிப்பகுதியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும், மீறினால் நுனி அழுகும் என்ற விதி நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1970-இல் மில்ட்டன் என்ற ஆய்வாளர் பன்றிகளில் சோதித்து இதைக் கட்டுக்கதை என்று நிறுவினார். அதன் பிறகும் கணக்கறிந்தவர்களே இந்த விதியை ஒப்பிப்பது பொறுக்கத்தக்கதன்று.

அடியை இரு மடங்கு அகலமாக்கினால் உள்ளே வரும் சிறு குழாய்கள் இரட்டிக்கும். ஊட்ட வேண்டிய தோலும் இரட்டிக்கும். நுனிக்குக் கூடுதலாக எதுவும் சேராது. குழாயின் ஆரமோ பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். பாய்சொய்லி சமன்பாட்டின்படி, மற்றவை மாறாதபோது, ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆரம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. குளிரில் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கினால் ஓட்டம் 41 விழுக்காடாகக் குறையும். அறுவைக்குப் பின் நோயாளியைக் கதகதப்பாக வைப்பது இதனால்தான்.

அகலத்தைவிடக் குழாயே முக்கியம் என்பதற்குச் சிறந்த சான்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் உண்டு. அங்கே கை அறுவைத் துறையை வளர்த்த ஆர். வெங்கடசாமி, 1980-இல் சுப்பிரமணியனுடன் சேர்ந்து, சாய்வாகத் துண்டான விரல் நுனியை மூடும் முக்கோண ஃபிளாப்பை வெளியிட்டார். அதில் சுற்றிலும் தோல் அறுபடும். தோல் இணைப்பின் அகலம் பூஜ்யம். பழைய விதி உண்மையானால் அது பிழைக்கவே கூடாது. விரலின் ஒரு பக்கத்துத் தமனியும் நரம்பும் கூடவே நகர்வதால் அது உயிரோடும் உணர்வோடும் இருக்கிறது. 1794-இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் விவரித்த இந்திய மூக்குச் சீரமைப்பிலும் நெற்றித் தோல் புருவங்களுக்கிடையே குறுகிய காம்பில்தான் உயிர் பிழைத்தது. விகிதம் பேசுவோர் இவ்விரண்டையும் படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

ரத்தம் வந்தால் மட்டும் போதாது; ஆக்சிஜன் செல்லைச் சேர வேண்டும். ஒவ்வொரு தந்துகியும் தன்னைச் சுற்றிய ஓர் உருளைத் திசுவுக்கு ஊட்டுகிறது என்று 1919-இல் உடலியலாளர் ஆகஸ்ட் க்ரோக் கணக்கிட்டார். ஆக்சிஜன் எட்டும் தூரம் ஏறக்குறைய அதன் செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தூரத்தை இரட்டிக்கச் செறிவு நான்கு மடங்காக வேண்டும்.

2009-இல் மாட்சாவினோஸ், ஃப்ரீட்மன் என்ற கணிதவியலாளர்களின் குழுவினர் இந்தச் சிந்தனைகளை இணைத்து, ஃபிளாப்பின் அளவுக்கும் அதை ஊட்டும் குழாயின் விட்டத்துக்கும் உள்ள உறவை மாதிரியாக்கினர். எந்த மாதிரியிலும் சிரை வழியே ரத்தம் வெளியேறுவதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்: தமனி அடைத்தால் ஃபிளாப் வெளிறும், சிரை அடைத்தால் நீலமேறி வீங்கும். பாய்சொய்லி சமன்பாடு குழாயை விறைப்பான நேர்குழாயாகக் கொள்கிறது. உயிருள்ள குழாய் சுருங்கி விரியும். ஆகவே எந்தக் குழாயைக் காக்க வேண்டும் என்பதற்கு மாதிரி வழிகாட்டும். ஃபிளாப் பிழைத்ததா என்பதை நிறமும் வெப்பமும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்
ஆசிரியர்