பெல்லினியின் சதுக்கத்தைப் பார்க்கும்போது

ஜென்டிலே பெல்லினி 1496-இல் தீட்டிய ‘புனித மாற்கு சதுக்கத்தில் பவனி’, வெனிஸ் நகரின் அக்காதெமியா காட்சியகத்தில் இருக்கிறது. ஏழு மீட்டருக்கும் அதிகமான அகலம். முன்னால் போய் நின்றதும் எங்கே பார்ப்பதென்றே தெரியாமல் கண் அலையும்.

செய்ய வேண்டியவை

• மண்டியிட்டிருக்கும் மனிதரை முதலில் தேடுங்கள். முன்வரிசையில் திருச்சிலுவைத் துண்டைச் சுமந்துவரும் பேழை, அதன்மேல் விதானம். அதற்குச் சற்று வலப்பக்கம், வெள்ளை அங்கிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அங்கே சிவப்பு உடையில் ஒருவர். பிரெஷா ஊர் வணிகர் யாகோப்போ தெ சாலிஸ். ஊரில் மகன் மண்டை உடைந்து சாகக் கிடக்கிறான். 1444 ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளன்று, பேழை கடந்துபோகையில் அவர் வேண்டிக்கொள்கிறார். மகன் பிழைத்தான் என்பது நம்பிக்கை. படத்துக்கே காரணம் அவர்தான்; பவனியோ அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இந்த ஓவியத்தில் மிகப் பிடித்த இடம் இதுவே.

• படத்தை வரையச் சொன்னது யார் என்று கேளுங்கள். அந்தத் துண்டைக் காத்துவந்த புனித யோவான் சபையார். முன்வரிசை முழுக்க அவர்கள் நிற்பதும், நாட்டை ஆண்ட டோஜ் வலப்பக்கம் தூரத்தில் சிறிதாகத் தெரிவதும் அதனால்தான்.

• பின்னணியில் உள்ள புனித மாற்கு பேராலய முகப்பின் இடது ஓர வாசலை உற்றுப் பாருங்கள். அதன் மேலுள்ள 13-ஆம் நூற்றாண்டு மொசைக் இன்றும் அங்கே இருக்கிறது. முகப்பின் மற்ற வாசல்களில் இருந்த பழைய மொசைக்குகள் போய்விட்டன. அவை எப்படி இருந்தன என்பதற்கு இந்த ஓவியம்தான் பெரிய சாட்சி.

செய்யக்கூடாதவை

• அதற்காக ஓவியத்தைப் புகைப்படம்போல நம்பிவிடாதீர்கள். மணிக்கோபுரத்தை பெல்லினி வலப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார். உண்மையான இடத்தில் வரைந்தால் டோஜ் மாளிகை மறைந்துவிடும். பேராலயமும் ஆட்சி மாளிகையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

• இன்றைய சதுக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு தப்பு சொல்லாதீர்கள். படத்தில் இருப்பது செங்கல் தளம். இப்போதுள்ள கல்தளம் 1723-இல் தொடங்கியது. மணிக்கோபுரமும் 1902-இல் இடிந்து, 1912-இல் திரும்ப எழுந்தது.

• 1444-ஆம் ஆண்டுச் சதுக்கம் என்றும் எண்ணாதீர்கள். வேண்டுதலுக்கும் ஓவியத்துக்கும் இடையே 52 ஆண்டுகள். வேண்டுதல் நடந்தபோது பெல்லினி இளம்பையன். தான் முதுமையில் நடந்த சதுக்கத்தில்தான் அந்தத் தகப்பனை மண்டியிட வைத்தார்.