வேலையில் பட்ட தழும்புக்கு இழப்பீடு: முழுமையான வழிகாட்டி

நம் நாட்டுச் சட்டத்தில் தழும்புக்கென்று தனி விலை கிடையாது. கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40 என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. உருவக் கேடு அதில் ஒரே ஒரு வரியாகத்தான் வருகிறது: முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்தால் 100 சதவீதம். இரண்டு கைகளும் போனவருக்குச் சமமாக, நிரந்தர முழு ஊனம் என்று அதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

கன்னத்தில் காதுவரை ஓடும் வெட்டுத் தழும்பு, கொதிக்கும் எண்ணெய் கொட்டித் தோல் தடித்த முன்கை, ஷாஃப்டில் கூந்தல் சிக்கி உச்சந்தலைத் தோலோடு பிய்ந்துபோன தலை, இதற்கெல்லாம் அட்டவணையில் எண் இல்லை. ‘சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது?’ என்ற ஒரே கேள்வியைத்தான் சட்டம் கேட்கிறது. நியூயார்க் மாநிலத்தில் முகமோ தலையோ மோசமாக உருக்குலைந்தால் அதற்கென்றே 20,000 டாலர் வரை கொடுக்க இடமிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லாதது பெரிய குறை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் வாங்கியாக வேண்டும்.

முதல் படி: பணம் கொடுக்க வேண்டியது யார்?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் உங்கள் வழி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவர்கள் பொதுவாக இதில் வருவார்கள். வேலையில் அடிபட்டால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளியே பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் அதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அட்டவணையும் கணக்கும் பெரிதாக மாறவில்லை. உங்கள் விபத்து அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதை மட்டும் மனுவில் சரியாகக் குறிப்பிடுங்கள்.

இரண்டு வழியிலும் சேர்த்து வாங்க முடியாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நீ கான்ட்ராக்டர் ஆளு, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று கம்பெனி கைகழுவ முடியாது. தன் தொழிலுக்கான வேலையைக் கான்ட்ராக்ட் விட்டவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளிதான்.

இரண்டாம் படி: ஏ.ஆர். காப்பி

ஆஸ்பத்திரியில் முதன்முதலாகக் கேட்கப்படும் ‘எப்படி அடிபட்டது?’ என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறும். வழக்கின் அஸ்திவாரமே அந்த ஒரு வரிதான். கூட வந்த மேஸ்திரியோ சூப்பர்வைசரோ ‘வீட்டுல ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லிடுப்பா, செலவை நாங்க பாத்துக்கறோம்’ என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘கம்பெனியில், இன்ன மெஷினில், இத்தனை மணிக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருந்தீர்கள் என்றால், நினைவு வந்ததும் வீட்டார் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதலாளிக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, தேதியோடு இருந்தால் போதும். இ.எஸ்.ஐ. என்றால் விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பினாரா என்று கிளை அலுவலகத்தில் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘கையுறை போடாதது அவன் தப்பு’ என்ற வாதம் கட்டாயம் வரும். தெளிவாகச் சொல்லப்பட்ட பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் அது எடுபடும். கிழிந்த கையுறையைக் கொடுத்தவர்களும், கொடுக்கவே கொடுக்காதவர்களும் அதைச் சொல்ல முடியாது. அதோடு, நிரந்தர முழு ஊனத்துக்கு அந்த வாதமே செல்லாது. முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்தவர்களும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: தழும்பைப் பதிவு செய்யுங்கள்

மற்ற காயங்களுக்கும் தழும்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம், தழும்பு நிலையாக நிற்காது. தீக்காயம் ஆறிய சில வாரங்களில் தட்டையாக இருக்கும். பிறகு சிவந்து, தடித்து, அரிப்பெடுக்கும். முழங்கை மடிப்பிலோ கழுத்திலோ இருந்தால் தோல் சுருங்கி மூட்டை இழுத்துப் பிடிக்கும். அது முதிர்ந்து அடங்க ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் ஆகலாம். இழப்பீட்டு மனு போடவும் விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. ‘முழுசா ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்று உட்கார்ந்திருந்தவர்கள் கெடுவைக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். மனுவைப் போட்டுவிடுங்கள், மதிப்பீடு பின்னால் வரட்டும்.

மாதம் ஒருமுறை படம் எடுங்கள். ஒரே இடம், பகல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். இப்போதைய போன்கள் கேட்காமலே தோலை வழவழப்பாக்கிவிடுகின்றன, அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான். முகமென்றால் நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, வாயைத் திறந்து ஒன்று, கண்ணை மூடி ஒன்று. இமை முழுதாக மூடாவிட்டாலும் உதடு ஒரு பக்கம் இழுத்தாலும் அந்தக் கடைசி இரண்டில்தான் தெரியும். அறுவைக்கு முன்பும் பின்பும் தனித்தனியாக எடுங்கள்.

கூடவே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: உலைப் பக்கம் நின்றால் எரிகிறதா, வெயிலில் அரிக்கிறதா, ஹெல்மெட் பட்டை உராய்ந்து புண்ணாகிறதா, பழைய வேலைக்குப் போனபோது என்ன சொல்லி அனுப்பினார்கள். ஒட்டுப்போட்ட தோலில் வியர்வை சுரப்பது குறைவு, உடல் சூடு தணியாது. வார்ப்பாலையிலும் சாயப்பட்டறையிலும் வேலை பார்ப்பவருக்கு இது வருமானப் பிரச்சினை. மருத்துவர்களோ இதைப் பெரும்பாலும் தாங்களாக எழுதுவதில்லை.

நான்காம் படி: டாக்டரின் சதவீதம்

இ.எஸ்.ஐ.யில் மருத்துவ வாரியம் மதிப்பிடும். மற்றவர்களுக்குத் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் சம்பாத்தியத் திறன் இழப்பு இத்தனை சதவீதம் என்று சான்று தர வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் கிடைத்தால் நல்லது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு இதில் பழகிய இடம்.

ஊனச் சான்றிதழின் சதவீதம் வேறு, சம்பாத்திய இழப்புச் சதவீதம் வேறு. ‘உடலில் 15 சதவீதம் தீக்காயம்’ என்பது மூன்றாவது வேறு. மருத்துவரிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். வெறும் ‘கூலி’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் முன் நிற்பவரா, ஃபர்னஸில் கம்பி தள்ளுபவரா, நுணுக்கமாகத் தைப்பவரா என்பதைப் பொறுத்து ஒரே தழும்பின் மதிப்பு மாறும். முழங்கைக்கு மேலே கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு முழு ஊனத்துக்கான தொகையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கும் அந்தத் தீர்ப்பை இன்றும் எல்லா வழக்கறிஞர்களும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

‘மிகக் கடுமையாக’ என்றால் எவ்வளவு என்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. இமை, மூக்கு, உதடு, காது இவற்றில் எது எந்த அளவுக்குச் சிதைந்தது என்று மருத்துவர் தனித்தனியாக எழுதினால்தான் அந்த 100 சதவீத வரியைக் கேட்க முடியும். ‘முகத்தில் தழும்பு’ என்று இரண்டு சொல்லில் முடித்த சான்றை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து, 1923 சட்டப்படி கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்காரர், சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் 8,400. அந்த வயதுக்குக் காரணி 207.98. பெருக்கினால் 17,47,032 ரூபாய். முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்திருந்தால் இது முழுதும். முன்கைத் தழும்புக்கு 20 சதவீதம் இழப்பு என்று மருத்துவர் எழுதினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 3,49,400. உண்மையில் ஆன வைத்தியச் செலவைத் தனியாகக் கேட்கலாம். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம்.

இ.எஸ்.ஐ. கணக்கு வேறு மாதிரி. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரித் தினக்கூலியில் 90 சதவீதம். நிரந்தர இழப்பு என்றால் அதே 90 சதவீதத்தில் உங்கள் சதவீதப் பங்கு, ஆயுள் முழுக்க. தினக்கூலி 500, இழப்பு 20 சதவீதம் என்றால் நாளுக்கு 90 ரூபாய். வாரியம் குறைத்துப் போட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஊழியர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

ஆறாம் படி: மனு

தமிழ்நாட்டில் இந்த மனுக்களைப் பழைய சட்டப்படி விசாரித்து வந்தவர் தொழிலாளர் துணை ஆணையர். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். வெளியூரில் அடிபட்டுச் சொந்த ஊர் திரும்பியவர்களுக்கு இது பெரிய வசதி. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்கவில்லை என்றால் 12 சதவீத வட்டி ஏறும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம்வரை அபராதமும் சேரும்.

ஏழாம் படி: சமரசப் பேச்சு வந்தால்

ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் கொடுத்து, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். சட்டப்படி வரவேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மொத்தத் தொகைக்குச் சமரசம் ஆனால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாதென்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். அவசரத்துக்குப் பணம் வாங்கத்தான் வேண்டுமென்றால், வாங்குங்கள். ரசீதில் ‘வைத்தியச் செலவுக்காக’ என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.