தோசைப் படத்தில் எதை விடலாம்?

தாம்பரம் ஓட்டல் ஒன்றில் நெய் ரோஸ்ட் வருகிறது. அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்ப ஒரு கைப்பேசிச் செயலியை நீங்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சிக்கல், படத்தின் அளவு. படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். மொத்தம் 3 கோடியே 60 இலட்சம் பைட்டுகள்! அப்படியே அனுப்பினால் தோசை ஆறிவிடும் அல்லவா?

எனவே படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறோம். கட்டத்துக்குள் நிறம் மெதுவாக மாறுவதையும் விரைவாக மாறுவதையும் தனித்தனி எண்களாக்குகிறோம். விரைவான மாற்றங்களில் சிறிது குறைந்தாலும் நம் கண் அதைக் கவனிப்பதில்லை. அவற்றைத் தோராயமாக்கினால் பல எண்கள் பூஜ்யமாகிவிடும்; படமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கட்டத்தின் நிற மாற்றங்களை இப்படித் தனித்தனி எண்களாக்குவதற்குப் பெயர் தனித்த கொசைன் உருமாற்றம். 1974இல் இதை வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். இவர்களில் ராவ், தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போகும் வழியிலுள்ள கிண்டியில், பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 1992இல் வந்த ஜேபெக் முறைக்கு இதுவே அடிப்படை.

அடுத்த சிக்கல், கண்ணுக்கே தெரியாதது. கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்பில் ஒளிந்திருக்கும். வீட்டுச் சாப்பாட்டைப் படமெடுத்தால், உங்கள் வீடு எங்கே என்பது முன்பின் அறியாதவருக்கும் தெரிந்துவிடும்! அனுப்புமுன் செயலி அதை அழிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தின் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். இடம் பதிவாகியிருக்கிறதா?