குற்றாலத்தில் குளித்துவிட்டு உடனே திரும்பாதீர்கள்

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் ஊர் ஊராகக் குற்றாலத்துக்கு வேன் கிளம்பிவிடும். சனிக்கிழமை இரவு ஏறி, ஞாயிறு காலை கூட்டத்தில் முண்டியடித்து அருவியில் தலையைக் காட்டி, சாயங்காலமே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அருவியைச் சுற்றி இலஞ்சி, பண்பொழி, மேக்கரை, புளியரை, சுந்தரபாண்டியபுரம் என்று விரிந்து கிடக்கும் வயல்காட்டை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஒரு குடும்பம் நான்கு நாள் நிம்மதியாகக் கழிக்க இந்தத் தென்காசிச் சீமைக்கு இணையான இடம் தமிழ்நாட்டில் குறைவு. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இங்கேயே வீடு எடுத்துத் தங்கினார்; ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைப் போல நிதானமாகத் தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது.

முதலில் நாளைக் குறியுங்கள்

சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்டு வரை இருக்கும். சில ஆண்டுகளில் செப்டம்பருக்கும் நீளும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை கேரளப் பக்கமே நிறுத்திவிடுகிறது. செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் அந்த வழியாக ஈரக்காற்றும் பொடித்தூறலும் இந்தப் பக்கம் நுழைகின்றன. வெயில் அடிக்கும்போதே சாரல் விழும். தென்காசியில் சட்டை நனைகிற நேரத்தில் கிழக்கே ஆலங்குளத்தில் புழுதி பறக்கும்.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை வருவது உத்தமம். அருவியில் தண்ணீர் இருக்கும், கார் நடவு நடக்கும், சூரியகாந்தியும் பூத்திருக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் கூடுதல்தான், ஆனால் வெள்ளமும் குளிக்கத் தடையும் அடிக்கடி வரும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம்.

எந்த மாதமானாலும் திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமை கிளம்புங்கள். புறப்படும் முன் தங்கப் போகிற இடத்துக்குப் போன் போட்டு, "தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டுவிடுங்கள். சாரல் ஒரு வாரம் ஏமாற்றினால் அருவி மெலிந்துவிடும்.

தங்குமிடம்

குற்றாலத்துக் கடைத்தெருவில் விடுதிகள் ஏராளம். சீசனில் வாடகை ஏறும், இரவெல்லாம் வண்டிச் சத்தமும் இருக்கும். ஐந்தாறு பேராக வந்தால் இலஞ்சி, மேலகரம் பக்கம் நாள் வாடகைக்கு வீடு கிடைக்கும். பண்பொழிப் பக்கம் தோப்புக்குள் தங்கும் வசதியும் வந்துவிட்டது. சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். துணி எளிதில் காயாது. மாற்றுத் துணியும் துண்டும் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

அருவிகளில் ஒரு முறை உண்டு

பேரருவியில் விடியும் முன் குளிக்க வேண்டும். மேலிருந்து விழும் தண்ணீர் நேரே தலையில் இறங்குவதில்லை. பாறை நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழி இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, நிரம்பிப் பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அவ்வளவு உயரத்து அருவியடியில் மனிதர்கள் நிற்க முடிவதற்கு அந்தக் குழிதான் காரணம். விடியற்காலையில் கூட்டம் குறைவு என்பதால் தோள்பட்டையைத் தண்ணீருக்குக் கொடுத்து நிதானமாக நிற்கலாம்.

ஐந்தருவிக்கு மறுநாள் போங்கள். குழந்தைகளுக்குப் புலியருவி ஏற்றது. பழைய குற்றாலம் அழகானது. அங்கே நேரக் கட்டுப்பாடு இருந்தால் அதன்படி நடங்கள். செண்பகாதேவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் ஏறவே கூடாது. எங்கே போவது என்று குழம்பினால் ஆட்டோ நிறுத்தத்தில், "அண்ணாச்சி, இன்னைக்கு எந்த அருவில தண்ணி நல்லா விழுது?" என்று கேளுங்கள். சரியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, போலீஸ் விசில் ஊதும்வரை காத்திராமல் அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். மேலே காட்டில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அடுத்தது, சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் அருவியில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. இதே தண்ணீர் சிற்றாறாக ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, தாமிரபரணியில் சேர்கிறது.

குளித்து முடித்ததும் குற்றாலநாதர் கோயிலுக்கும், சற்றுத் தள்ளியிருக்கும் சித்திரசபைக்கும் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று இது. சுவரோவியங்களை நின்று பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும்.

வயல்காட்டுக்கு ஒரு முழுநாள்

அதிகாலையில் சுந்தரபாண்டியபுரம். 1992இல் வந்த 'ரோஜா' படத்தில் பலரும் பார்த்த ஊர்தான். முற்றி மலர்ந்த சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும்; ஆகவே வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். பூவின் முகமும் பின்னால் மேகம் இறங்கிய மலையும் ஒருசேரத் தெரியும். மாலையில் போனால் வெயில் கண்ணைக் கூசும், படமும் இருட்டாக விழும். எல்லா ஆண்டும் ஒரே வயலில் விதைப்பதில்லை. ஊர் டீக்கடையில் விசாரியுங்கள். வயல்காரரிடம் கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். ஒடிந்த தண்டு அவருக்கு நஷ்டம்.

அங்கிருந்து பண்பொழி. திருமலைக்கோயில் முருகனைப் பார்க்க அறுநூற்றுச் சொச்சம் படிகள். மேலே வரை வண்டிப் பாதையும் உண்டு. முடிந்தவர்கள் படியேறுங்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்பு, நடவு வயல், குளம், அதற்கப்பால் அடவிநயினார் அணை என்று முழுச் சீமையும் கண்ணுக்குள் வந்துவிடும். இறங்கிய பிறகு அணையையும், நேரமிருந்தால் செங்கோட்டையை அடுத்த குண்டாற்றையும் பார்க்கலாம். குண்டாறு அணை சுமார் 36 அடி உயரம்தான். சாரல் வலுத்தால் சீக்கிரமே நிரம்பி வழியும்.

போகும்போது ரயில், வரும்போது பஸ்

ஒருநாளை மலை ரயிலுக்கு ஒதுக்குங்கள். செங்கோட்டை–புனலூர் பாதையில் 1904இல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மறுபடி திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் நீண்ட குகை. அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். பலரும் பார்க்க ஆசைப்படுவது கழுதுருட்டியில் உள்ள 13 கண் பாலத்தை. ரயில் அதன் மேலேயே போவதால், பெட்டிக்குள் இருப்பவருக்குப் பாலத்தின் அழகு தெரியாது. எனவே தென்மலையிலோ புனலூரிலோ இறங்கி, பஸ்ஸில் திரும்புங்கள். சாலை பாலத்தை ஒட்டியே வருகிறது. கழுதுருட்டியில் இறங்கி, கல் தூண்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். வழியில் ஆரியங்காவுப் பாலருவியும் உண்டு.

திரும்பி வரும்போது பசியோடு பிரானூர் பார்டரில் இறங்குங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது, எல்லை இங்கே இருந்தது; பார்டர் என்ற பெயர் அப்படித்தான் நின்றுவிட்டது. உள்ளங்கையளவு பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வாழையிலையில் போடுவார்கள். நீங்களே பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, அது ஊறும்வரை கொஞ்சம் பொறுங்கள். கூடவே வறுத்த கோழி. சைவக்காரர்களுக்குத் தென்காசியில் நல்ல இட்லிக் கடைகள் இருக்கின்றன. மங்குஸ்தான், ரம்புட்டானை அருவி வாசலில் வாங்குமுன் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், சீசன் டிக்கெட் வேகமாகத் தீரும். ஜூலைப் பயணத்துக்கு மே மாதமே பதிவு செய்துவிடுங்கள்.